எல்லாவற்றையும் தாங்கிய நாய்

கிட்ட வாருங்கள் கண்ணுகளே. வாசல் பக்கம் காற்றுக்கு உட்கார்ந்திருக்கிறவர்களும் இந்தப் பக்கம் நகர்ந்து கொள்ளுங்கள். மடியில் குழந்தை வைத்திருக்கிறவர்கள் இன்னும் கிட்டே வாருங்கள், இது உங்களுக்கான கதை. ஒரு வீட்டார் தங்கள் பிள்ளைகளுக்குத் தோதாக ஒரு நாயைத் தேடித் தேர்ந்தெடுத்த கதை. நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கமாட்டேன். சிரித்த முகத்தோடே உங்களை அனுப்பி வைப்பேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்கமாட்டேன்.

அந்த வீட்டுக்காரர் லிஃப்ட் பரிசோதிக்கிறவர். எட்டுப் பேர் ஏறுகிற லிஃப்டில் பத்துப் பேர் கனத்துக்கு இரும்புக் கட்டிகளை அடுக்குவார். மேலும் கீழும் ஓட்டி, நடுவில் பிரேக் போட்டுப் பார்ப்பார். தாங்கிவிட்டதா, உள்ளே ஒரு வில்லையை ஒட்டிவிட்டு வந்துவிடுவார். அடுத்த வருஷம் வரை அந்த லிஃப்டைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. அந்தத் தொழில் புத்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. புது நாற்காலி வாங்கினால் அதன்மேல் ஏறிக் குதிப்பார். புதுக் குடை வாங்கினால் மின்விசிறிக்கு நேரே விரித்துப் பிடிப்பார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் இப்படிக் குதிச்சுப் பார்த்துத்தான் எடுத்தீங்களா?" என்று அவர் மனைவி கேட்பாள்.

"எங்க? அதுக்குள்ள நீ என்னை எடைபோட்டு முடிச்சுட்டியே."

அவள் ஒரு கடையில் குழந்தைகளுக்கு மட்டும் முடி வெட்டுகிறவள். கார் பொம்மை மாதிரி செய்த நாற்காலியில் பிள்ளையை உட்காரவைத்து, வாயில் ஒரு மிட்டாயும் காதில் ஒரு பாட்டுமாகக் கத்தரியை ஓட்டவேண்டும். அழுகிற பிள்ளை அவளுக்குப் பிரச்சினையே இல்லை, எப்போது எந்தப் பக்கம் தலையைத் திருப்பும் என்று அழுகையே சொல்லிவிடும். அசையாமல் கல்லாக உட்காருகிற பிள்ளை இருக்கிறதே, அதற்குத்தான் அவள் கத்தரியை விரலுக்குள் மறைத்துக்கொள்வாள். அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் நின்று கண்ணை உருட்டிக்கொண்டிருப்பார்கள். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும். திடீரென்று உடம்பு மொத்தமும் வெடித்துக்கொண்டு எழும்.

இவர்களுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவளுக்கு ஐந்து வயது. தூங்கும்போது தவிர வாய் மூடாததால் அவளுக்கு வாயாடி என்று பெயர். சின்னவன் ஒன்றரை வயதுக் குண்டு. அவன் நடக்க ஆரம்பித்ததும் நாய் வாங்கித் தருவதாக லிஃப்ட்காரர் மகளிடம் எப்போதோ வாய்விட்டிருந்தார். குண்டு எழுந்து நின்று முதல் அடி எடுத்துவைத்து, பொத்தென்று விழுந்ததுதான் தாமதம். தம்பியைத் தூக்கக்கூட இல்லை, வாயாடி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள்.

"நடந்துட்டான் இல்ல? வாங்க போலாம்."

ஊருக்கு வெளியே ஒரு நாய்க் காப்பகம் இருந்தது. யாரோ விட்டுவிட்டுப் போனவை, தெருவில் பிடித்தவை எல்லாம் கம்பி அடைப்புகளுக்குள் வரிசையாக இருந்தன. அதைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் முட்டிவரை ரப்பர் பூட்ஸ் போட்டு, கையில் தண்ணீர்க் குழாயோடு வந்தாள்.

"சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடுங்க. சாதுவா, எது செஞ்சாலும் பேசாம இருக்கிற மாதிரி ஒண்ணு வேணும்," என்றார் லிஃப்ட்காரர்.

"எது செஞ்சாலும்னா? என்ன செய்யப்போறீங்க சார்?"

"பிள்ளைங்கன்னா இழுக்கும், பிடுங்கும், மேல ஏறும். நான் டெஸ்ட் பண்ணிப் பார்த்துக்கிறேன்."

"லைசென்ஸ் குடுக்கிற ஆபீசரு வந்திருக்காருடா, ஒழுங்கா நில்லுங்க," என்று அந்த அம்மாள் நாய்களிடம் சொன்னாள். வாயாடி விழுந்து விழுந்து சிரித்தாள்.

முதலில் ஒரு கறுப்புக் குட்டி. கதவைத் திறந்ததும் அவர் மீது தாவி, சட்டைப் பொத்தானைக் கடித்து எடுத்துவிட்டது. அது தேறவில்லை. அடுத்து ஒரு வெள்ளை நாய். தின்றுகொண்டிருக்கும்போது அதன் தட்டை அவர் இழுத்தார். உதட்டைத் தூக்காமல், தொண்டைக்குள்ளேயே ஒரு சின்ன உறுமல். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"பிரேக் சரியில்ல," என்றார்.

"அதான் சார் பிரேக்கே," என்றாள் பூட்ஸ் அம்மாள். "வேணாம்னு வாயால சொல்லிடுச்சு, நீங்களும் கையை எடுத்துட்டீங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

"பிள்ளைக்கு அது புரியாதேம்மா."

மூன்றாவது அடைப்பில் மண் நிறத்தில் ஒன்று இருந்தது. ஒரு காது மடிந்து தொங்கியது. குட்டியும் இல்லை, கிழடும் இல்லை. லிஃப்ட்காரர் வாலை இழுத்தார். காதைத் திருகினார். தட்டைப் பிடுங்கினார். பல்லுக்கு நடுவில் விரலைவிட்டார். கடைசியில் குண்டுவைத் தூக்கி அதன் முதுகில் உட்காரவைத்தார். நாய் அசையவில்லை. வைத்த இடத்தில் வைத்த பொருளாக நின்றது.

"பார்த்தியா? சொக்கத் தங்கம்," என்றார் அவர்.

"அப்பா, இது நாயில்லப்பா, தலகாணி!" என்று வாயாடி அதன் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெயரும் வைத்தாயிற்று.

பூட்ஸ் அம்மாள் குழாயை மூடினாள். "சார், தாங்கிக்கிதேன்னு எடுக்காதீங்க. பிள்ளை தொல்லை பண்ணா எழுந்து அந்தாண்ட போகத் தெரிஞ்ச நாயா பாருங்க. இது எங்கிருந்து வந்ததுன்னு எனக்கே தெரியாது. வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. அடிபட்ட நாய் மாதிரி எனக்குத் தோணுது."

"அடிபட்டுமா இவ்வளவு பொறுமை? அப்ப இன்னும் நல்லதாச்சே!"

முடி வெட்டுகிறவள் நாயின் முதுகைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. தின்ன ஒன்றுமே இல்லாதபோதும் நாக்கு வெளியே வந்து மூக்கைத் தொட்டு உள்ளே போனது. கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. இந்த அசையாமையை அவள் அறிவாள். அவளுடைய கார் நாற்காலியில் இது எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறது.

"ஏங்க..." என்றாள்.

அவர் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. மகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்ட சிரிப்பு. வாயாடி நாயின் காதுக்குள் நம் வீட்டில் எந்த மூலையில் யார் படுப்பார்கள் என்று விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

பாருங்கள், அந்த ஒரு சொல்லை அவள் பிறகு எத்தனை தடவை விழுங்கி விழுங்கிக் கக்கினாளோ! ஆனால் அந்த இடத்தில் நாமாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம்.

தலகாணி கெட்ட நாய் என்று நினைத்துவிடாதீர்கள். வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அதற்கு இல்லாத வேலை இல்லை. காலையில் வாயாடியோடு பள்ளி வேன் வரைக்கும் போகும். வேன் திரும்பி மறையும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வரும். குண்டு தூக்கத்தில் புரண்டால் தலையைத் தூக்கிப் பார்க்கும். முடி வெட்டுகிறவள் வேலை முடிந்து வந்து காலை நீட்டினால், பாதத்தின்மேல் தாடையை வைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விடும். நாளெல்லாம் நின்ற காலுக்கு அந்தச் சூடு எவ்வளவு இதமாக இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். நான் தப்பாக நினைத்துவிட்டேன் போல என்று அவளே தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள்.

ஆனால் லிஃப்ட்காரருக்கு ஒரு தடவைச் சோதனை போதவில்லை. ஒவ்வொரு விடுமுறை நாளும் காலைச் சாப்பாடு ஆனதும், "எல்லாரும் வாங்க, இன்ஸ்பெக்‌ஷன்!" என்று கூப்பிடுவார். பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு ஓடிவரும். வால், காது, தட்டு, பல்லுக்குள் விரல். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துவிட்டு, "பாஸ்!" என்று நாயின் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டுவார். இல்லாத வில்லையை ஒட்டுகிற மாதிரி.

ஒருநாள் காதைத் திருகும்போது தலகாணி உறுமியது. பெரிதாக இல்லை. அந்த வெள்ளை நாய் சொன்ன அளவுக்குத்தான் சொன்னது. அவர் வெலவெலத்துப்போய், பக்கத்தில் கிடந்த செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "ஏய்! பிள்ளைங்க இருக்கிற வீடு!" தலகாணி மேசைக்கு அடியில் போய் ஒடுங்கியது. அடுத்த வாரமும் ஒரு தடவை அதே உறுமல், அதே செய்தித்தாள். அதற்கு அடுத்த வாரம் சத்தமே இல்லை.

"பழகிடுச்சு," என்றார் அவர்.

அன்றைக்குத்தான் அவள் வாயைத் திறந்தாள். பிள்ளைகள் அந்தப் பக்கம் போனதும், துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, லிஃப்டுல ஆள் கூடிப்போனா மணி அடிக்குமே, அது எதுக்கு?"

"எதுக்குன்னா? யாராவது இறங்குங்கன்னு சொல்றதுக்கு."

"சத்தம் பிடிக்கலைன்னு யாராவது அந்த மணியைப் பிடுங்கிப் போட்டா?"

"சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க. ஏன், எவன் அப்படி..." என்றவர் பாதியில் நின்றார். மேசைக்கு அடியில் பார்த்தார். சுருட்டிய செய்தித்தாள் இன்னும் அங்கேயே கிடந்தது. அவர் குனிந்து அதை எடுத்து, பிரித்து, நீவி நீவி மடித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர், அதுதானே சங்கடம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

"இனிமே செய்யல," என்றார்.

சொன்னபடியே அவர் நிறுத்தினார். ஆனால் குண்டு நிறுத்தவில்லை.

அவன் அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொண்ட விளையாட்டு அல்லவா அது? மற்றப் பிள்ளைகள் கைவீசக் கற்றுக்கொள்கிற வயதில் இவன் வாலை இழுக்க, காதைத் திருக, தட்டைப் பிடுங்க, பல்லுக்குள் விரலைவிடக் கற்றுக்கொண்டான். அதே வரிசையில். முடிந்ததும் "பாச்!" என்று நெற்றியில் அடிப்பான். முதல் தடவை பார்த்தபோது வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள், அதையும் சொல்லிவிடவேண்டும். இரண்டாவது தடவை யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"வேண்டாம்டா கண்ணா, தலகாணிக்கு வலிக்கும்." ஒன்றரை வயதுக்கு வலி என்றால் தன் வலிதான். அதட்டினால் அழுவான், அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் போவான். தூக்கிக்கொண்டு போனால் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்குவான். இரண்டே அறை, ஒரு சமையல்கட்டு. நாய் எழுந்து போகலாம்தான், எங்கே போகும்? மேசைக்கு அடியில் போனால் அவனும் தவழ்ந்து போவான். கட்டிலுக்கு அடியிலும் வருவான். அவள் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு, "இதுக்கு அந்தப் பக்கம் தலகாணி வீடு. யாரும் போகக்கூடாது," என்றாள். வாயாடி அன்றிலிருந்து கோட்டுக்கு வெளியே நின்று, "உள்ள வரலாமா சார்?" என்று கேட்டுக் கேட்டு அனுமதி வாங்கினாள். குண்டு கோட்டின்மேல் உட்கார்ந்து, அதை உள்ளங்கையால் தேய்த்து அழித்து, கையை நக்கிப் பார்த்தான்.

சமையல்கட்டு வாசலுக்குக் குறுக்கே பலகை வைத்தார்கள். நாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். குண்டு பலகையைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான். தலகாணி அந்தப் பக்கம் நின்று முனகியது. வேடிக்கையைப் பாருங்கள், அவன் அழுதால் அதற்கும் பொறுக்கவில்லை.

"திருப்பிக் குடுத்துடலாமாங்க?" என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்.

"அது நம்மள என்ன பண்ணுச்சு? தப்பு பண்ணது நான். கொஞ்சம் பொறு, இவன் வளர்ந்துடுவான்," என்றார் அவர். பிள்ளை வளரத்தான் செய்கிறது. ஆனால் நாம் சொன்ன வேகத்துக்கா வளர்கிறது?

ஒரு சாயங்காலம், அடுப்பில் சோறு கொதிக்கிறது. அவள் வடிக்கத் துணியைத் தேடுகிறாள். லிஃப்ட்காரர் இன்னும் வரவில்லை. பலகை வைத்த இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் வாயாடி நாய்க்குத் தண்ணீர் வைக்கப் போனவள் அதைச் சரியாகப் பொருத்தவில்லை. குழந்தை என்ன செய்யும்? அம்மா திரும்பியபோது குண்டு நாய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். வால் ஆகிவிட்டது, காது ஆகிவிட்டது, தட்டும் ஆகிவிட்டது. தலகாணி சுவரோடு சுவராகக் கல்லாகியிருந்தது. கண்ணோரம் வெள்ளை. நாக்கு வெளியே வந்து உள்ளே போனது. அவன் விரலை நீட்டினான்.

"குண்டு!" என்று அவள் போட்ட சத்தமும், அந்தப் பாய்ச்சலும் ஒன்றாகவே நடந்தன. உறுமல் வந்திருந்தால் அவளுக்கு ஒரு நொடி கிடைத்திருக்கும். வரவில்லை. அதைத்தான் வீட்டார் எல்லாரும் சேர்ந்து பிடுங்கிப் போட்டிருந்தார்களே.

கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, இரண்டு பல். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள், ஊசியும் போட்டார்கள். குண்டு அழுது தீர்ந்து, நர்ஸின் கையிலிருந்த டார்ச் விளக்கைப் பிடுங்கப் பார்த்தான். வேலையிடத்திலிருந்து நேரே ஓடிவந்த லிஃப்ட்காரர் மகனின் கட்டுப்போட்ட கன்னத்தைத் தொடவந்து, தன் விரலைத் தானே பார்த்து, கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது தலகாணி குளியலறையில் வாளிக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் அதன் மூத்திரம். அவள் துடைத்தாள். அது கிட்டே வந்து, அவள் பாதத்தின்மேல் தாடையை வைத்துக்கொண்டது.

மறுநாள் காலை லிஃப்ட்காரர் கயிற்றைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார், மறுபடியும் எடுத்தார். பிறகு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். "என்னால முடியல. நீ போயிட்டு வா."

வாயாடி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பிதானே விரலை விட்டான்? தம்பியைக் கொண்டுபோய் விடு!"

"அப்படிச் சொல்லக்கூடாதும்மா."

"அப்பன்னா கடிக்கலைன்னு சொல்லு. தெரியாம பல்லு பட்டுடுச்சுன்னு சொல்லு. கடிச்சுதுன்னு சொன்னா அந்த பூட்ஸ் ஆன்ட்டி அதை யாருக்கும் தரமாட்டாங்க. சொல்லமாட்டேன்னு சொல்லும்மா!"

அவள் மகளை மெல்ல விலக்கிவிட்டு, நாயோடு ஆட்டோவில் ஏறினாள். வழியெல்லாம் அதே யோசனைதான். இடம் பற்றவில்லை, வேலைக்குப் போகிறோம், பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று ஏதாவது சொல்லலாம். சொன்னால் தலகாணிக்கு இன்னொரு வீடு கிடைக்கும். நல்ல வீடாகக் கிடைக்கும், இப்படி அசையாமல் நிற்கிற நாயை யார் வேண்டாம் என்பார்கள்? அந்த வீட்டிலும் ஒரு குண்டு இருப்பான். அவனுக்கும் கன்னம் இருக்கும். பக்கத்து இருக்கையில் தலகாணி காற்றுக்கு மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எங்கோ சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பு அதற்கு.

பூட்ஸ் அம்மாள் கயிற்றையும் அவள் முகத்தையும் பார்த்தாள்.

"பிள்ளையைக் கடிச்சுதா?"

தயாராக வைத்திருந்த பொய் தொண்டைவரை வந்தது. எதிர்ப்பக்கம் இளம் தம்பதி ஒன்று கைக்குழந்தையோடு அடைப்பு அடைப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தது. அந்தக் குழந்தை தொப்பியைக் கழற்றிக் கீழே போடுவதும், அப்பா எடுத்து மாட்டுவதுமாக இருந்தது.

"கடிச்சுதுக்கா," என்றாள். "கன்னத்துல. உறுமாம கடிச்சுது. உறுமினப்போ நாங்கதான் அடக்கினோம். இது மேல தப்பே இல்லக்கா."

பூட்ஸ் அம்மாள் திட்டுவாள் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. அந்த அம்மாள் கயிற்றை வாங்கி, நாயின் மடிந்த காதைத் தடவிக் கொடுத்தாள்.

"தப்பு யார் மேலன்னு பார்த்து நான் என்ன தங்கச்சி பண்ணுவேன்? சொல்லாம கடிக்கிற நாயை ஒரு வீட்டுக்கும் என்னால தரமுடியாது. பின்பக்கம் வரிசை ஒண்ணு இருக்கு. சாப்பாடு போடுவேன், பார்த்துப்பேன். அங்க யாரையும் கூட்டிட்டுப் போய்க் காட்டறது இல்ல."

"திரும்ப உறுமினா?"

"உறுமினா பார்க்கலாம். தனியா இருக்கிற பெரியவங்க யாராவது வந்தா குடுக்கலாம்."

"உறுமுமாக்கா?"

"தெரியாதும்மா. சிலது திரும்பப் பேசும். சிலது பேசவே பேசாது."

பின்பக்க வரிசையில் வெயில் படவில்லை. தலகாணி உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றி, கம்பிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கதவு சாத்தியாயிற்று. பூட்ஸ் அம்மாள் அந்தத் தம்பதியைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் மட்டும் நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஈரத் தரையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"உறுமுடா," என்றாள். "என் செல்லமில்ல, ஒரே ஒரு தடவை உறுமுடா. என்னைப் பிடிக்கலைன்னு சொல்லுடா."

நாய் தலையைச் சாய்த்துக் கேட்டது.

அவள் தன் பல்லைக் காட்டி, தொண்டைக்குள் உர்ரென்று ஒரு சத்தம் போட்டுக் காட்டினாள். இரண்டு பிள்ளை பெற்றவள், வேலைக்குப் போகிற உடுப்போடு, நாய்க்கு நாய்ப் பேச்சுச் சொல்லிக்கொடுத்தாள். முன்வரிசையில் அந்தக் கறுப்புக் குட்டியோ எதுவோ பதிலுக்குக் குரைத்தது. தலகாணி மட்டும் கம்பிக்கு வெளியே நாக்கை நீட்டி அவள் விரலை நக்கியது. கண்ணீர் விழுந்த இடத்தையும் சேர்த்து நக்கியது. வாலை ஆட்டியது. அவள் இன்னும் ஒரு தடவை உறுமினாள். அது இன்னும் ஒரு தடவை நக்கியது.

நேரமாகிவிட்டது, கடையில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

கண்ணுகளே, அவ்வளவுதான். பிறகு அது உறுமியதா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கன்னம் எந்தக் காயமும் இல்லாமல் வழவழவென்று இருக்கட்டும். உங்கள் வீட்டில் பெரிய ஆளோ சின்ன ஆளோ, இரண்டு காலோ நான்கு காலோ, யாருக்கு எது பிடிக்கவில்லையோ அதைச் சொல்ல அவர்களுக்கு வாய் இருக்கட்டும். அது சின்னச் சத்தமாக இருக்கும்போதே கேட்கிற காது உங்களுக்கு இருக்கட்டும். நன்றாக இருங்கள். பிள்ளையைப் போர்த்திக்கொண்டு போங்கள், வெளியே காற்று அடிக்கிறது.